மணப்பெண் வராத நாடகம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கல்ச்சுரல்ஸ் என்கிற ஆண்டுக் கலைவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்ட சினிமா நடிகர் வந்து சேரும்வரை கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது. நடனம், ஃபேஷன் ஷோ, மிமிக்ரி எல்லாம் அவர் வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகு அவர் கண் முன்னால் நடக்கும். நாடகம் மட்டும் அவர் வருவதற்கு முன்னால். அவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் நாடகமே கிடையாது. ஆனால் எந்த நடிகர் எந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்? வேலப்பன்சாவடி நெரிசலைத் தாண்டுவதற்குள்ளேயே அவர்களுக்குப் பாதிப் பொழுது போய்விடும். அந்தப் பாதிப் பொழுதுதான் எங்களுக்குப் போட்ட பிச்சை.

அதனால் நாடகக் குழுவில் சேர்ந்ததும் முதலில் கற்றுக்கொள்வது நடிப்பை இல்லை, சைகையை. மேடையின் பக்கவாட்டில் கலைவிழாக் குழுவின் தலைவர் நிற்பார். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர். அவருக்கும் கலைக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அவர் இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கி. கயிறு இழுப்பது மாதிரி இரண்டு கையாலும் அவர் காற்றை இழுத்தால், நடிகர் இன்னும் வரவில்லை, காட்சியை நீட்டு என்று அர்த்தம். கழுத்துக்குக் குறுக்கே விரலை ஓட்டினால், கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது, முடி என்று அர்த்தம். எந்த வசனத்தில் நின்றாலும் கவலையில்லை, விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு வருடம், கொலை செய்தது யார் என்றே தெரியாமல் கூட்டம் வீட்டுக்குப் போனது. யார் என்று கேட்கக்கூட ஒரு ஆள் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் மூன்று வருடம் அந்தக் குழுவில் இருந்தேன். பி.காம். வகுப்பில் நான் பேசினால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. வாயைத் திறந்தால் 'கீது', 'வந்துகினு' என்று எங்கள் ஊர்ப் பேச்சு ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயந்தே பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுவேன். கூடப் படித்த பெண்களில் பாதிப் பேர் திருவேற்காட்டு அடுக்குமாடிகளில் இருந்து வந்தவர்கள். அவர்கள் அப்பாக்கள் ஐ.டி. கம்பெனிகளில் இருந்தார்கள். வீட்டில் நைனா என்று கூப்பிடுகிறவரை நான் அவர்களிடம் அப்பா என்றுதான் சொல்வேன். மேடையில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே என் குரல் எங்கிருந்தோ எழுந்து கடைசி வரிசை வரைக்கும் போகும். அந்தச் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. இன்று வரைக்கும் கண்டதில்லை.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளானூரில் எங்களுக்கு நிலம் இருந்தது. மனை போட்டு விற்றாயிற்று. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் கண்ணீர் விடவில்லை. விற்ற கையோடு நைனா பழைய தண்ணி லாரி ஒன்று வாங்கி, சுற்றிலும் முளைத்த அடுக்குமாடிகளுக்கெல்லாம் தண்ணீர் அடித்தார். நெல் போட்ட காலத்தில் இல்லாத நிம்மதி லாரியில் கிடைத்ததாகச் சொல்வார். கோடையில் என் பல்கலைக்கழக ஹாஸ்டலுக்கும் அவர் லாரி போகும். அதனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பின்வாசல் அவருக்கு நன்றாகத் தெரியும். முன்வாசல் தெரியாது.

அவருக்கு ஒரு குணம். கண்ணால் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். லாரி வாங்கப் போன அன்று சலவை வேட்டியோடு அதன் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஸ்பிரிங் பிளேட்டாகப் பார்த்தாராம். மாடு விற்கிறவர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பினால் திட்டுவார். திருவள்ளூர் தாண்டிப் போக வேண்டியிருந்தாலும் நேரில் போய், பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. ஒரு தரம் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு மாறவும் மாட்டார். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. ஊரில் இதை மெச்சிப் பேசுவார்கள். என் விஷயம் வருகிற வரைக்கும் நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி வருடம் படிக்கும்போது, புதுச்சேரியில் நாடகத்துக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருப்பது தெரியவந்தது. இரண்டு வருடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாடகமே படிக்கலாம் என்றார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. அதே சமயத்தில் கேம்பஸ் இன்டர்வியூவில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. எங்கேயோ வெளிநாட்டில் எழுதும் பில்களை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை. வீட்டில் அதற்குக் கேசரி கிளறி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

நான் புதுச்சேரி என்றதும் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பொண்ணு கூத்தாடப் போகிறாளாம் என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா சத்தம் போடவில்லை. அதில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள், ஹாஸ்டல் இருக்கிறதா, படித்து முடித்தால் என்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

"நான் வந்து பாக்குறேன் பாப்பா. பாத்துட்டுச் சொல்றேன். நல்லா கீதுனா போ" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அது போதும். நைனா சொன்னால் சொன்னதுதான். அவர் பார்க்க வேண்டும், நான் நன்றாகச் செய்ய வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்னால் கல்ச்சுரல்ஸ் வருகிறது. அதில் எங்கள் நாடகம் இருக்கிறது. கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த வருட நாடகத்தை எழுதியவன் என் வகுப்புப் பையன். அவனே இயக்கம், அவனே முக்கிய வேஷம். கதை ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஜெனரேட்டருக்கு யார் டீசல் போடுவது, இரண்டாம் பந்தியில் வடை ஏன் சின்னதாக இருக்கிறது, பேனரில் யார் படம் பெரிசு என்று இரண்டு வீட்டாரும் சண்டை போடுவார்கள். பெண்ணின் தாய்மாமன் எல்லாச் சண்டையிலும் மூக்கை நுழைப்பார். அந்தத் தாய்மாமன் வேஷம் அவனுக்கு. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். எல்லோரும் மணப்பெண்ணைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் மணப்பெண் மேடைக்கே வரமாட்டாள். கடைசிக் காட்சியில், எல்லோரும் தூங்கப் போன பிறகு, பட்டுப்புடவையும் மாலையுமாக அவள் மட்டும் வருவாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்று பேசுவாள்.

அந்த மணப்பெண் நான். "எல்லாரும் சாப்ட்டாச்சா?" என்பதுதான் என் முதல் வசனம். அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அடுத்த வசனத்திலும் கொஞ்சம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு நாற்காலியாகப் போய், அதில் உட்கார்ந்திருந்தவர் தன்னிடம் கேட்காத கேள்வியைத் தானே கேட்டுக்கொள்வாள். ஒத்திகையின்போது அந்த இடத்துக்கு வந்ததும் வகுப்பறை கப்சிப் என்று ஆகிவிடும். செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் விளக்கு போடுகிற பெண் அழுதுவிட்டு, என்னையே திட்டினாள். நாடகமே இந்தக் காட்சிக்காகத்தான், மீதியெல்லாம் இதற்கு ஏணி என்று எழுதியவனே சொல்வான். ரொம்ப நன்றாகப் பேசுவான் அவன்.

அவனிடம் நைனா வருவதைச் சொன்னேன், புதுச்சேரியையும் சொன்னேன். நடிகர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார், நாடகமோ சின்னது, நீட்டாமல் போனால் கடைசிக் காட்சி கட்டாயம் வந்துவிடும் என்று இரண்டு பேரும் பேசி வைத்தோம். சார் கயிறு இழுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன் என்றான். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

கல்ச்சுரல்ஸ் அன்று நைனா மத்தியானமே வந்துவிட்டார். அம்மா வரவில்லை, லாரிக்கு வரும் போனை யாராவது எடுக்க வேண்டுமே. பெற்றோரை அந்த நிகழ்ச்சிக்கு உள்ளே விடுவதில்லை. அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாஸ் வாங்கியிருந்தேன். முன்வாசல் வழியாக அவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. செக்யூரிட்டி இரண்டு தடவை பாஸை வாங்கிப் பார்த்தான். மைதானத்தில் முன்னால் சோபாக்கள் நிர்வாகிகளின் குடும்பத்துக்கு, அடுத்து பேராசிரியர்கள், பிறகு தடுப்பு கட்டி மாணவர்கள். எல்லோருக்கும் பின்னால், சவுண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து அவரை உட்கார வைத்தேன். மேடை இங்கிருந்து கொஞ்சூண்டு தெரிகிறதே என்றார். மேடைக்கு இரண்டு பக்கமும் எல்.இ.டி. திரை இருக்கிறது, முகம் பெரிசாகத் தெரியும் என்றேன். சரி, நீ போய் வேலையைப் பார் என்று அனுப்பினார்.

மேடைக்குப் பின்னால் வரவேற்புப் பெண்கள் நின்றார்கள். அதுவும் எங்கள் வழக்கம். ஒவ்வொரு துறையிலிருந்தும் பார்க்க நன்றாக இருக்கிற பெண்களாகப் பொறுக்கி, பட்டுப்புடவை கட்டச் சொல்லி, நடிகர் நடந்து வரும் வழியில் இரண்டு பக்கமும் நிறுத்துவார்கள். கையில் ரோஜாவும் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டு. யார் பொறுக்குகிறார்கள், எதை வைத்துப் பொறுக்குகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெற்றோர்களுக்குத் தெரிந்திருந்தால் சிலராவது கேட்டிருப்பார்கள். மத்தியான வெயிலிலிருந்து அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் புடவை கசங்கும் என்று உட்கார விடவில்லை.

இருட்டியதும் நாடகம் ஆரம்பித்தது. முதல் சண்டையிலேயே கூட்டம் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பின்னால் நைனா தெரிந்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வடைச் சண்டை வந்ததும் பொத்தின கையை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த சவுண்டுக்காரரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கால் தரையில் இல்லை. இன்னும் கொஞ்சம்தான் நைனா, இப்போது சிரித்துக்கொள், இதோ நான் வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சார் கயிறு இழுத்தார்.

அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, முடிந்துபோன வடைச் சண்டையைத் திரும்பத் தொடங்கினான். எழுதாத வசனமெல்லாம் வந்தது. முன்னால் இருந்த பேராசிரியர்களைச் சம்பந்தி வீட்டார் என்று கூப்பிட்டு வம்புக்கு இழுத்தான். கூட்டம் விசிலடித்தது. சார் இழுக்க இழுக்க அவன் நீட்டினான். பிறகு சார் கையை இறக்கி வெகுநேரம் ஆன பின்னும் நீட்டினான். கைதட்டல் என்ற கள்ளைக் குடித்துவிட்டான், இனி எங்கே இறங்குவது? நான் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை.

ஒருவழியாகத் தாய்மாமன் ஜமக்காளத்தை உதறிப் படுத்தார். மேடை இருண்டது. காலி நாற்காலிகள் மேல் நீல விளக்கு விழுந்தது. மாலையைச் சரிசெய்துகொண்டு ஒரு காலை எடுத்து வைத்தேன். அந்த நேரத்தில் சார் கழுத்துக்குக் குறுக்கே விரலை ஓட்டினார். நீல விளக்கு போய், மைதானம் முழுக்க வெள்ளை விளக்கு எரிந்தது. சவுண்டு பெட்டிகள் அதிர்ந்தன. நாற்காலிகளைத் தூக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக் கத்தியது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாக்கி டாக்கி கரகரக்க சார் என்னிடம் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"நீ பட்டுப்புடவையிலதானம்மா இருக்கே? தட்டு பிடிக்கிற பொண்ணு ஒருத்தி மயக்கம் போட்டுட்டா. ஒரு பக்கம் வரிசை குறையுது, கேமராவுல அசிங்கமாத் தெரியும். வா, வா."

என் காட்சி இருக்கிறது சார் என்றேன். நடிகர் உட்கார்ந்ததும் போட்டுக்கொள்ளலாம், அவரே பார்க்கட்டுமே, உனக்குத்தான் நல்லது என்றார். சொல்லும்போதே மாலையை என் கழுத்திலிருந்து கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டார். காட்சி போடுவதாகச் சொல்கிறாரே, முறைத்துக்கொண்டால் அதையும் கெடுத்துவிடுவாரே என்று அவர் பின்னால் போனேன். என் கையில் தட்டு வந்தது.

நடிகர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் செருப்பு. வழிநெடுகக் கையைக் காட்டிக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார். மற்றப் பெண்களுக்குச் சின்னதாகப் பூ வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் மணப்பெண் அலங்காரம், நெற்றிச்சுட்டி முதற்கொண்டு. தட்டிலிருந்து ரோஜாவை எடுத்துக்கொண்டு, என் தோளில் கையைப் போட்டு, கேமராப் பக்கம் திருப்பினார். பக்கத்தில் மைக்கோடு ஓடி வந்தவனிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"இன்னா மச்சான், பொண்ணு ரெடியா நிக்குது, மாப்ள யாரு?" என்றார்.

மைதானமே எழுந்து ஊளையிட்டது. நான், நான் என்று பையன்கள் கையைத் தூக்கினார்கள். இரண்டு திரையிலும் என் முகம் ஒரு வீட்டு உயரத்துக்கு இருந்தது. சிரிங்க, சிரிங்க என்று புகைப்படக்காரர் கையை ஆட்டினார். சிரித்தேன். சிரிக்காமல் அங்கே யாராலும் நிற்க முடியாது. நாற்காலிகளுக்கு நடுவே நான் பேச வேண்டிய வசனம் அத்தனையும் வாய்க்குள் அப்படியே இருந்தது. நைனா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்றதால் அவர் தெரியவில்லை.

அதன் பிறகு என் காட்சியா? நடிகர் பேசினார், ஆடினார், அவர் முன்னால் பிள்ளைகள் ஆடினார்கள். ஒவ்வொன்று முடியும்போதும் மாலையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு சாரைப் பார்ப்பேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார். நடிகர் கிளம்பினார், அவர் காருக்குப் பின்னாலேயே பாதிக் கூட்டம் ஓடியது. சார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, விழா பிரமாதம், எல்லாம் உங்களால்தான் என்று பொதுவாக எல்லோரையும் பாராட்டினார். நான் எதிரில் போய் நின்றேன். என் காட்சி என்றேன். ஓ, அதுவா என்றார்.

"அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்மா."

நான் கடைசி வருடம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

எழுதியவன் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். யார் யாரோ அவனைத் தூக்கினார்கள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. சார் இழுக்கச் சொன்னாரே, நான் என்ன செய்வது என்று சப்பைக்கட்டு கட்டினான். நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

நைனா கேட்டுக்குப் பக்கத்தில் பைக்கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். பசிக்கும் என்று பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, பன் வாங்கிக் கொடுத்தார். நெற்றிச்சுட்டியும் பட்டுமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"அந்த மாமன் வேஷம் கட்டினு வந்தான் பாரு, அந்தப் பையன் பின்னிட்டான். அவன்லாம் பாண்டிச்சேரி போவலாம். தப்பே இல்ல."

நான் இன்னொரு துண்டு பன்னைப் பிய்த்தேன்.

"கல்யாணப் பொண்ணு, கல்யாணப் பொண்ணுன்றாங்க, கடைசி வரிக்கும் அத்த காட்டவே இல்லயே. நானும் இப்ப வரும், அப்ப வரும்னு பாத்துகினே இருந்தேன்."

"அது நான்தான் நைனா" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கயிறு இழுத்தது, நீட்டியது, விளக்கை அணைத்தது, தட்டைக் கொடுத்தது. என் வசனங்களைக்கூடச் சொன்னேன், டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நைனா குறுக்கே பேசாமல் கேட்டார். டீயை முழுக்கக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீ சொல்றது நெஜமாத்தான் இருக்கும் பாப்பா. நான் பாத்தது அது இல்லயே. தட்டு தூக்கினு நின்ன, எவனோ தோள் மேல கைய போட்டான், நீ சிரிச்ச. அத்துக்கு எதுக்கும்மா பாண்டிச்சேரி வரிக்கும் போவணும்?"

அன்றோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நான் விடவில்லை. செல்போனில் ஒத்திகை வீடியோ இருந்தது, அதைப் போட்டுக் காட்டினேன். சுடிதாரில் நான், வகுப்பறை, தலைக்கு மேல் ஃபேன் இரைச்சலில் வசனம் பாதி கேட்கவில்லை. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டைப் படத்தில் பார்த்து வாங்காதவர் மகளை மட்டும் வாங்கிவிடுவாரா? இன்னொரு நாள், இங்கேயே நடித்துக் காட்டட்டுமா நைனா, நாலு நாற்காலி போட்டால் போதும் என்று கேட்டேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாள். அவர் என் தலையைத் தொட்டு, வேணாம் பாப்பா, நீ நல்லாத்தான் செய்வே என்றார். நான் கூனிக் குறுகிப் போனேன். கெஞ்சி வாங்குகிற பாராட்டைவிடக் கேவலம் வேறென்ன?

விண்ணப்பத் தேதி வந்தது, போனது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுதியவனுக்குப் புதுச்சேரி நினைப்பே இல்லை. அவன் பெங்களூருக்கு எம்.பி.ஏ. படிக்கப் போனான். நான் அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆவடியில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாருடைய பில்லையோ சரிபார்த்துவிட்டு, நின்றுகொண்டே திரும்புகிறேன். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லாத வேலை. நல்ல வேலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்பு, ஒரு இடத்துக்குப் போகலாம் என்று நைனா பைக்கை எடுத்தார். எங்கே என்று சொல்லவில்லை. வெளியே போகும்போது அப்படிச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற ஆள் இல்லை அவர். பூந்தமல்லிக்கு முன்னால், சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் பெங்களூர் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினார். மேலே கையைக் காட்டினார்.

பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பேனர். 'உங்கள் திறமைக்கு ஒரு மேடை' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே நான். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, கையில் தட்டு. நடிகரிடம் அனுமதி வாங்கவில்லை போலிருக்கிறது, அவரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். என் தோளில் அவருடைய விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

நைனாதான் முதலில் பார்த்திருக்கிறார், லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது. லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். மாமாவையும் சித்தப்பாவையும் கூட்டி வந்து காட்டிவிட்டாராம். அந்த வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் போகிறது என்றார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இத்துக்கு மேல இன்னா பாப்பா ஓணும் ஒனக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே நான் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.